சாம்பல் ஆண், சாம்பல் பெண், குட்டி எல்லாம் நார்மல்: கார்ன் ஸ்னேக் நிற மரபியல்

#1 புதுச்செதில்

கார்ன் ஸ்னேக் (வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத அமெரிக்கப் பாம்பு) ஜோடி. ஆணும் சாம்பல், பெண்ணும் சாம்பல். இரண்டின் சீட்டிலும் "அனெரி", அதாவது சிவப்பு இல்லாதது, என்றுதான் இருக்கிறது. 17 முட்டையில் 2 கெட்டது, 15 பொரித்தது. பதினைந்தும் செம்பழுப்புத் திட்டு, கழுத்தில் திட்டுகளுக்கு நடுவே ஆரஞ்சு. அச்சு அசல் நார்மல். அனெரி ஒடுங்கு பண்பு, மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதானால்தான் வெளியே தெரியும். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பழுதான பிரதி என்றால் குட்டி அத்தனையும் சாம்பலாகத்தானே வந்திருக்க வேண்டும்? புன்னட் கட்டத்தில், அதாவது குட்டிகளின் விகிதத்தைக் கணக்கிடும் கட்டத்தில், எங்கே தப்பு?

#2 பட்டாணித்தோட்டம்

கட்டத்தில் தப்பில்லை, சீட்டில்தான் தப்பு. இரண்டில் ஒன்று அனெரி இல்லை. பெரும்பாலும் சார்கோலாக இருக்கும்.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரிப்பேராக இருக்கலாம், மாடித் தொட்டியின் வால்வு மூடியிருக்கலாம். குழாயடியில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், தண்ணீர் இல்லை. சிவப்பு நிறமும் அப்படித்தான் உண்டாகிறது. அனெரியில் ஒரு மரபணு பழுது, சார்கோலில் வேறொரு இடத்தில் இருக்கும் வேறொரு மரபணு பழுது. வெளியே தெரிவது ஒரே சாம்பல்.

இந்த இரண்டையும் சேர்த்தால் அனெரி பக்கத்திலிருந்து நல்ல சார்கோல் பிரதி ஒன்றும், சார்கோல் பக்கத்திலிருந்து நல்ல அனெரி பிரதி ஒன்றும் குட்டிக்கு வந்துவிடும். மோட்டாரும் ஓடுகிறது, வால்வும் திறந்திருக்கிறது. அதனால் எல்லாம் நார்மல். ஆனால் ஒவ்வொரு குட்டியும் இரண்டு பழுதையும் ஒவ்வொரு பிரதியாகச் சுமக்கிறது. நம் பேச்சுவழக்கில் "டபுள் ஹெட்": ஹெட் அனெரி, ஹெட் சார்கோல்.

இந்தக் குட்டிகளில் இரண்டை வளர்த்துச் சேர்த்தால் பதினாறு பங்கில் 9 நார்மல், 3 அனெரி, 3 சார்கோல், 1 இரண்டும் சேர்ந்தது. குட்டிப் பருவத்தில் பின்னவை மூன்றும் சாம்பலாகத் தெரிவதால் கண்ணுக்குக் கிடைப்பது 9:7. பாடப் புத்தகத்தின் 9:3:3:1-ஐ எதிர்பார்த்து உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

#3 மஞ்சள்கழுத்து

எது அனெரி, எது சார்கோல் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. வளர்ந்த பாம்பாக இருந்தால் மட்டும்.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக, தாடைக்குக் கீழேயும் கழுத்தின் இரண்டு பக்கமும் பாருங்கள். பல்பு வெளிச்சம் வேண்டாம், மஞ்சள் பல்பு எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். அனெரிக்கு அங்கே எலுமிச்சை மஞ்சள் ஒரு பூச்சு போல ஏறியிருக்கும். அது தீனியில் வரும் கரோட்டினாய்டு நிறமி படிவது, வளர வளரத்தான் கூடும். சார்கோலுக்கு அந்த மஞ்சள் ஏறாது. திட்டுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசமும் சார்கோலில் மங்கல், கரித்தூள் தடவின மாதிரி. அமெல், அதாவது கறுப்பே இல்லாத நிறம், சேர்ந்தாலும் இதே கதை. ஸ்னோ, அதாவது அமெலும் அனெரியும் சேர்ந்தது, வளர்ந்ததும் கழுத்து மஞ்சளாகும். ப்ளிஸார்ட், அமெலும் சார்கோலும் சேர்ந்தது, கடைசிவரை வெள்ளையாகவே நிற்கும்.

பொரித்த குட்டியில் இந்த மஞ்சள் எதற்குமே கிடையாது. அதனால்தான் சீட்டு தப்பாகிறது. குட்டியை வாங்கியவர் "சாம்பலா, அப்போ அனெரி" என்று எழுதிவிடுகிறார்.

இன்னொன்று. சாம்பல் குட்டி என்றால் இந்த இரண்டோடு முடியவில்லை. லாவெண்டர் குட்டியும் பொரித்த புதிதில் அனெரி போலத்தான் இருக்கும், கேரமல் குட்டியும் அப்படித்தான். கேரமலில் பழுப்பும் மஞ்சளும் தலைகாட்ட சில சட்டை உரிக்க வேண்டும். சிண்டரும் இந்தக் கூட்டத்தில் சேரும். மூன்று நான்கு சட்டை உரிக்கும்முன் பெயர் சூட்டாதீர்கள்.

#4 அடைப்பெட்டி

பட்டாணி சொன்னது சரி. ஆனா அவசரப்பட்டு சார்கோல்னு முடிவு கட்டாதீங்க. அதே விடையைத் தர்ற இன்னொரு காரணம் இருக்கு.

கார்ன் ஸ்னேக் பெண் விந்தைச் சேமிச்சு வைக்கும். ஒரே பருவத்துல ரெண்டாவது ஈடு முட்டையை மறுபடி இணை சேராமலே போடுறது சர்வ சாதாரணம். இந்தப் பெண் கைமாறி வந்ததா இருந்து, முன்னாடி ஒரு நார்மல் ஆணோட இருந்திருந்தா, இந்த 15-க்கும் அப்பா அந்த ஆணா இருக்கலாம். அப்பவும் 15-ம் நார்மல்தான். அப்ப குட்டி ஹெட் அனெரி மட்டும்தான், சார்கோல் பேச்சே இல்ல. ரெண்டு ஆண் கலந்து ஒரே ஈட்டுல அப்பா ரெண்டு பேரா இருக்கிறதும் உண்டு. அப்படி ஆயிட்டா விகிதம் எதுக்கும் அர்த்தமில்ல.

சரிபார்க்க சீக்கிரமான வழி: குட்டி வளர்ற வரைக்கும் மூணு வருஷம் காத்திருக்காதீங்க. அடுத்த பருவத்துல அந்த ஆணை சந்தேகமில்லாத ஒரு அனெரி பெண்ணோட, இல்ல ஸ்னோ பெண்ணோட, சேருங்க. வேற ஆணைப் பாக்காத பெண்ணா இருக்கணும். குட்டி எல்லாம் அனெரி வந்தா ஆண் அனெரி. எல்லாம் நார்மல் வந்தா ஆண் சார்கோலோ வேற சாம்பலோ. ஆண் அனெரின்னு உறுதியானா சந்தேகம் பெண் பக்கம் திரும்பும், அதையும் இதே மாதிரி தெரிஞ்ச ஆணோட பாத்துடலாம்.

#5 புதுச்செதில்

கழுத்தைப் பார்த்தாச்சு. ஆணுக்கு மஞ்சள் தெளிவாக இருக்கிறது. பெண்ணுக்குத் துளிகூட இல்லை, வயது நாலு. பெண் வேறு ஆணோடு இருந்ததா என்பது தெரியாது.

இதிலிருந்து ஒரு கேள்வி. ஒரே தோற்றத்துக்கு இரண்டு மரபணு இருக்கலாம் என்றால், இரண்டு தோற்றத்துக்கு ஒரே மரபணு இருக்க முடியுமா?

#6 பட்டாணித்தோட்டம்

இருக்கிறது, அதுதான் இன்னும் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. அமெலும் அல்ட்ராவும்.

அமெல் என்பது கறுப்பே இல்லாத, சிவப்புக் கண் கார்ன். இந்தப் பாம்பில் பரம்பரையை முதலில் முறையாகக் காட்டியது இந்த நிறத்தை வைத்துத்தான். பெர்னார்ட் பெக்டெல் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் 1962-ல் வெளியிட்ட கட்டுரை அது. 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுது இருக்கும் இடத்தையே கண்டுபிடித்தார்கள். ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் இடம்மாறும் டிஎன்ஏ துண்டு ஒன்று போய் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அந்த மரபணு வேலை செய்வதில்லை. மனிதர்களில் ஒரு வகை வெண்தோல் நிலைக்கும் இதே மரபணுதான் காரணம்.

அல்ட்ராவில் கறுப்பு முழுக்கப் போகாது, வெளிறிச் சாம்பலாக நிற்கும். பார்த்தால் ஹைப்போ (கறுப்பைக் குறைக்கும் வேறொரு பண்பு) என்றுதான் தோன்றும். ஆனால் அது ஹைப்போ இல்லை, அமெல் இருக்கிற அதே இடத்தின் இன்னொரு அல்லீல், அதாவது அதே மரபணுவின் இன்னொரு வடிவம். ஒரு பக்கம் அமெல், ஒரு பக்கம் அல்ட்ரா வந்த குட்டிக்கு ஈடுகட்ட நல்ல பிரதி கிடையாது. அதனால் அது நார்மல் ஆகாமல் இரண்டுக்கும் நடுவே ஒரு நிறத்தில் நிற்கும். அதுதான் அல்ட்ராமெல்.

இங்கே கணக்கு இப்படி:

அல்ட்ராமெல் × அல்ட்ராமெல்: 1/4 அமெல், 1/2 அல்ட்ராமெல், 1/4 அல்ட்ரா.
அல்ட்ராமெல் × அமெல்: பாதி அல்ட்ராமெல், பாதி அமெல். அல்ட்ரா வரவே வராது.
அல்ட்ராமெல் × நார்மல்: எல்லாம் நார்மல் தோற்றம்.

கடைசி வரியில்தான் சீட்டு எழுதுபவர்கள் சறுக்குகிறார்கள். "50% ஹெட் அமெல்" என்று எழுதிவிடுவார்கள். அந்தக் குட்டிகளில் ஒன்றுகூட வெறுமனே இல்லை. ஒவ்வொன்றிலும் அமெலோ அல்ட்ராவோ நிச்சயம் ஒன்று இருக்கிறது, எது என்பது மட்டும்தான் தெரியாது. "ஹெட் அமெல் அல்லது ஹெட் அல்ட்ரா" என்று முழுசாக எழுத வேண்டும்.

உடல்மேல் இருக்கும் கோலங்களில் இதற்கு இணை மோட்லியும் ஸ்ட்ரைப்பும். இரண்டும் ஒரே இடம், மோட்லி ஸ்ட்ரைப்பின்மேல் ஓங்கி நிற்கும். மோட்லி × ஸ்ட்ரைப் என்றால் குட்டி எல்லாம் மோட்லி, உள்ளே ஸ்ட்ரைப். இந்தக் குட்டிகளில் இரண்டைச் சேர்த்தால் முக்கால் பங்கு மோட்லி, கால் பங்கு ஸ்ட்ரைப். நார்மல் ஒன்றும் வராது.

#7 வாலாட்டி

அல்ட்ராவைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்கிறீர்கள். அது கார்னுக்கே உரியதா என்பதே சண்டை. சாம்பல் ராட் ஸ்னேக்கோடு கலந்து வந்தது என்று சொல்கிறவர்கள் நிறைய. கிரீம்சிகிள், ரூட்பியர் மட்டும் கலப்பு என்று ஒதுக்கிவிட்டு அல்ட்ராமெலை நெஞ்சோடு அணைப்பது என்ன நியாயம்?

#8 பட்டாணித்தோட்டம்

கிரீம்சிகிளில் சந்தேகமே இல்லை. எமோரி ராட் ஸ்னேக்கோடு கார்னைச் சேர்த்து அமெலை ஏற்றியது, விற்பவரும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார். அல்ட்ராவுக்குக் கலப்பு மூலம் என்பது பொழுதுபோக்கு வட்டத்தில் பலர் ஏற்ற கருத்து, எல்லாரும் ஏற்றது இல்லை. கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான், அல்லீல் எங்கிருந்து வந்தாலும் அதே இடத்தில்தான் உட்காரும். சுத்தமான கார்ன் வேண்டும் என்பவர் அல்ட்ராவைத் தொட வேண்டாம். சீட்டில் வம்சாவளியை மறைக்காமல் எழுதினால் போதும்.

#9 புதுச்செதில்

"66% ஹெட்" என்று போடுகிறார்களே, அது என்ன? பாம்பின் மூன்றில் இரண்டு பங்கு உடம்பிலா மரபணு இருக்கும்?

#10 பட்டாணித்தோட்டம்

:) சதவீதம் பாம்பைப் பற்றியது இல்லை, நமக்குத் தெரிந்த அளவைப் பற்றியது. பாம்பு ஒன்று ஹெட், இல்லையென்றால் இல்லை.

ஹெட் அமெல் × ஹெட் அமெல் போட்டால் 1/4 அமெல், 2/4 ஹெட், 1/4 ஒன்றுமில்லை. அமெலைக் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடுகிறோம். மீதி மூன்று பங்கில் இரண்டு ஹெட். அதுதான் 66%. ஹெட் × நார்மல் என்றால் 50%.

இதை உறுதிசெய்ய அமெலோடு சேருங்கள், ஹெட்டோடு வேண்டாம். அமெலோடு சேர்த்தால், பாம்பு உண்மையில் ஹெட்டாக இருந்தால், ஒவ்வொரு குட்டியும் அமெலாக வரப் பாதி வாய்ப்பு. ஒரே ஒரு அமெல் வந்தாலே வழக்கு முடிந்தது, 100% ஹெட். வராவிட்டால்? தொடக்கத்தில் ஹெட் : இல்லை = 2 : 1. ஒவ்வொரு நார்மல் குட்டிக்கும் முதல் எண்ணைப் பாதியாக்குங்கள். 5 நார்மல் வந்தால் 2/32 : 1, அதாவது 1 : 16. ஹெட்டாக இருக்க இன்னும் 17-ல் ஒரு வாய்ப்பு, சுமார் 6%. 7 நார்மல் வந்தால் 65-ல் ஒன்று. ஹெட்டோடு சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் கால் பங்கு வாய்ப்புதான். 10 நார்மல் வந்த பிறகும் 10% சந்தேகம் மிச்சமிருக்கும்.

"16-ல் ஒன்று ஸ்னோ" என்பதையும் பலர் "16 முட்டை போட்டால் ஒரு ஸ்னோ" என்று படிக்கிறார்கள். இரண்டு பக்கமும் டபுள் ஹெட், 16 குட்டி என்றால் ஒரு ஸ்னோவாவது வர 64% வாய்ப்பு. மூன்றில் ஒரு ஈடு வெறுங்கை. 95% உறுதி வேண்டுமென்றால் 47 குட்டி வேண்டும். அதே டபுள் ஹெட்டை ஸ்னோவோடு சேருங்கள், வாய்ப்பு 4-ல் ஒன்று ஆகும், 11 குட்டியில் 95%-ஐத் தாண்டிவிடும். மூன்று ஒடுங்கு பண்பு ஒன்றாக வேண்டும், இரண்டு பக்கமும் டிரிபிள் ஹெட் என்றால் 64-ல் ஒன்று, 95%-க்கு 191 குட்டி. வீட்டில் இரண்டு பெட்டி வைத்திருப்பவர் இறங்கக்கூடிய வேலை இல்லை அது.

#11 மஞ்சள்கழுத்து

இங்கே ஒரு இடைச்செருகல். எல்லா மார்ஃபும் (நிற, கோல வகையும்) ஒடுங்கு இல்லை. டெசெரா ஓங்கு. ஒரு பிரதி இருந்தாலே முதுகில் கோடும் விலாவில் உடைந்த கட்டங்களும் தெரிந்துவிடும். அதனால் நார்மல் தோற்றப் பாம்பை "ஹெட் டெசெரா" என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பஃப் என்பதும் ஓங்குதான்.

ஓகீட்டீ, மியாமி, கேண்டிகேன் இவையெல்லாம் ஒற்றை மரபணு இல்லை. ஓகீட்டீ தென் கரோலினாவின் ஒரு வேட்டைக் கிளப் நிலத்திலிருந்து வந்த பெயர், தடித்த கறுப்புக் கரையும் ஆழ்ந்த சிவப்பும். தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிச் சேர்த்து வந்த தோற்றம். கேண்டிகேன் அமெலிலேயே வெள்ளைப் பின்னணியைப் பொறுக்கி எடுத்தது. "ஹெட் ஓகீட்டீ" என்று ஒன்று கிடையாது. நல்ல ஓகீட்டீயை நார்மலோடு சேர்த்தால் குட்டிகள் நடுவாக, ஒன்று நன்றாக, ஒன்று சுமாராக வரும். கட்டம் போட்டுக் கணக்குப் பார்க்க முடியாது.

#12 வாலாட்டி

சரி, ஹைப்போ? அமெலில் ஹைப்போ இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? "அமெல் ஹைப்போ" என்று கூடுதல் விலை வைக்கிறார்கள்.

#13 பட்டாணித்தோட்டம்

ஹைப்போவின் வேலை கறுப்பைக் குறைப்பது. அமெலில் குறைப்பதற்குக் கறுப்பே இல்லை. ஊமையிடம் மெதுவாகப் பேசு என்று சொல்வதுபோல. கண்ணால் பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பெற்றோர் இரண்டும் ஹைப்போ என்று தெரிந்திருந்தால் நம்பலாம், இல்லையென்றால் ஹைப்போவோடு சேர்த்துப் பார்ப்பதுதான் வழி.

ஹைப்போ என்ற பெயரிலும் #1-ன் சிக்கல் இருக்கிறது. சாதாரண ஹைப்போ, சன்கிஸ்ட், லாவா எல்லாமே கறுப்பைக் குறைப்பவை, எல்லாமே தனித்தனி இடம். ஹைப்போ × சன்கிஸ்ட் போட்டால் எல்லாம் நார்மல். சாம்பல் ஜோடிக்கு நடந்த அதே கதை, நிறம்தான் வேறு.

லாவெண்டரையும் சொல்லிவிடுகிறேன், இது எனக்குப் பிடித்தது. 2020-ல் அதே ஜெனீவா குழு லாவெண்டரின் பழுதை லிஸ்ட் என்ற மரபணுவில் கண்டார்கள். மனிதர்களில் அதே மரபணு கெட்டால் நோய் எதிர்ப்பையும் பாதிக்கும் ஓர் அரிய நோய் வரும். நிறமணுக்களின் உள்ளே நிறத்தைச் சேமிக்கும் பைகள் செல்லின் செரிமானப் பைகளோடு உறவுள்ளவை என்பதை ஒரு செல்லப்பாம்பின் ஊதா நிறம் காட்டிக்கொடுத்தது.

#14 அடைப்பெட்டி

சன்கிஸ்ட் பேச்சு வந்ததால கட்டாயம் சொல்லணும்: ஸ்டார்கேஸர்.

இது நிறம் இல்ல, நரம்புக் கோளாறு. ஒடுங்கு பண்பு. ரெண்டு பிரதி வந்த குட்டி தலையை மேல தூக்கி வானத்தைப் பாக்கும், நேரா ஊர்ந்து போக முடியாம சுருள் சுருளா முறுக்கிக்கும், சில சமயம் மல்லாந்துடும். முதல்ல சன்கிஸ்ட் வம்சத்துல கவனிச்சாங்க, அதனால சன்கிஸ்ட் வம்சம்னாலே கேள்வி கேக்கணும். சன்கிஸ்ட் மரபணுவே இதுக்குக் காரணம்னு எடுத்துக்காதீங்க. ரெண்டும் வேற வேற, ஒரே குடும்பத்துல சேர்ந்து சுத்தினது.

ஹெட் ஸ்டார்கேஸர் பாம்பு வெளியில நல்லாத்தான் இருக்கும். ஹெட் × ஹெட் ஆனா கால்வாசி குட்டி பாதிப்பு. பழைய முறை: சந்தேகப் பாம்பை ஹெட்னு தெரிஞ்ச பாம்போட சேத்து எண்றது. அப்படிச் செஞ்சு 16 குட்டியும் சரியா வந்தா, சந்தேகப் பாம்பு ஹெட்டா இருந்தும் தப்பிச்சிருக்க 1% வாய்ப்புதான். ஆனா சோதனைக்காகவே ஊனக் குட்டியைப் பொரிக்க வைக்கிற வேலை இது. இப்ப உரிச்ச சட்டையை அனுப்பி டிஎன்ஏ பாக்குற வசதி சில மரபணுவுக்கு வந்துடுச்சு. அது கிடைக்கிற இடத்துல இருக்கிறவங்க அந்த வழியில போங்க. கிடைக்காதவங்க, வம்சாவளி தெரியாத ரெண்டு சன்கிஸ்ட்டை ஒண்ணா போடாதீங்க.

#15 புதுச்செதில்

2 முட்டை கெட்டதாகச் சொன்னேனே, அதற்கும் மரபணுவுக்கும் சம்பந்தம் உண்டா? அடுத்த பருவத்துக்கு என்ன கவனிக்க வேண்டும்?

#16 அடைப்பெட்டி

17-ல 2 போறது ஒண்ணும் இல்ல. மரபணு மேல பழி போடுறதுக்கு முன்னாடி பெட்டியைப் பாருங்க.

பெண் குறைஞ்சது 300 கிராம், மூணு வயசு. சின்னப் பெண்ணைச் சேத்தா முட்டை உள்ளயே சிக்கி ஆளே போயிடும். குளிர் ஓய்வு கொடுக்கிறதா இருந்தா ரெண்டு வாரம் தீனியை நிறுத்தி, வயிறு காலியான பிறகு 10-லிருந்து 13 டிகிரியில 8-லிருந்து 10 வாரம், தண்ணி மட்டும். தீனி வயித்துல இருக்கும்போது குளிர வச்சா உள்ளயே அழுகும். ஓய்வு முடிஞ்சு தின்ன ஆரம்பிச்சு முதல் சட்டை உரிச்சதும் ஆண்கிட்ட விடலாம்.

இணை சேர்ந்து சுமார் ஒரு மாசத்துல இருந்து ஒன்றரை மாசத்துக்குள்ள முட்டை. அதுக்கு முன்னாடி ஒரு சட்டை உரிக்கும், உரிச்சு பத்து நாள் வாக்குல முட்டை வரும். அந்தச் சட்டையைப் பாத்த உடனே ஈரப் பாசி போட்ட முட்டைப் பெட்டி உள்ள போயிடணும். இல்லேன்னா தண்ணிக் கிண்ணத்துக்குள்ள முட்டை போட்டு எல்லாம் மூழ்கிடும்.

அடைப்பெட்டிக்கு வெர்மிகுலைட்டும் (ஈரம் பிடிக்கிற கனிமத் துகள்) தண்ணியும் எடைக்கு எடை. 200 கிராமுக்கு 200 கிராம், தராசுல நிறுத்து. கையில பிழிஞ்சா உருண்டை நிக்கணும், சொட்டு விழக்கூடாது. சொட்டுனா பூஞ்சை. முட்டை வந்தபடியே எடுத்து வைங்க, மேல்பக்கம் பென்சில்ல ஒரு புள்ளி. புரட்டினா கரு மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டினதைப் பிரிக்காதீங்க. 28 டிகிரின்னா 60 நாள் வாக்குல பொரிக்கும். 32-க்கு மேல ஏறுச்சுன்னா முதுகெலும்பு கோணல், பாதி வளர்ந்த கரு சாவு. வெயில் காலத்துல கரண்ட் போற ஊர்ல தண்ணி பாட்டில் ரெண்டு உள்ள வைங்க, சூடு சட்டுனு ஏறாது, இறங்காது.

கோணல் குட்டி வந்தா பலரும் "இந்த மார்ஃபே அப்படித்தான்"னு சொல்வாங்க. ஒரு ஈட்டுல பரவலா கோணல்னா தெர்மாமீட்டரை மாத்துங்க, அப்புறம் மரபணுவைப் பேசலாம்.

கடைசி ரெண்டு வாரத்துல முட்டை குழிஞ்சா பயப்படாதீங்க. மூணாவது வாரத்துலயே குழிஞ்சா ஈரம் பத்தல, ஓரத்துல வெதுவெதுப்பான தண்ணி விடுங்க, முட்டை மேல விடாதீங்க. கீறல் விட்ட குட்டி ஒரு நாள், ரெண்டு நாள் முட்டைக்குள்ளயே தலையை நீட்டிட்டு உக்காந்திருக்கும். மஞ்சள் கரு உறிஞ்சிட்டிருக்கு. இழுக்காதீங்க. வெளிய வந்து ஒரு வாரம் பத்து நாள்ல முதல் சட்டை, அதுக்கு அப்புறம்தான் தீனிக்குப் பிங்கி, அதாவது முடி முளைக்காத எலிக்குஞ்சு.

#17 வாலாட்டி

இதே கணக்கெல்லாம் நம்மூர்ச் சாரையில் பார்க்க முடியுமா? அதுவும் கார்னைப் போல கொலுப்ரிட் குடும்பம்தானே.

#18 மஞ்சள்கழுத்து

குடும்பம் சரி. ஆனால் சாரை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் பாம்பு. பிடிக்கவும் கூடாது, வளர்க்கவும் கூடாது. வெளுத்த சாரை எங்காவது தென்பட்டால் தூரத்தில் நின்று படம் எடுத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

#19 புதுச்செதில்

இப்போது இந்த 15 குட்டிக்கும் என்ன சீட்டு எழுதுவது? இரண்டு பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "டபுள் ஹெட் அனெரி சார்கோல்" என்று போடலாமா?

#20 பட்டாணித்தோட்டம்

போடக் கூடாது. ஆணின் கழுத்து மஞ்சள், அதனால் அனெரி என்பது வலுவான ஊகம். பெண் சார்கோலாக இருக்கலாம், சிண்டராக இருக்கலாம். அவள் உடம்பில் பழைய விந்து இருந்திருந்தால் இந்தக் குட்டிகளுக்கு உங்கள் ஆண் அப்பாவாக இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அனெரியே இல்லாமல் போகவும் வாய்ப்பு உண்டு.

இப்போது உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: அம்மா எந்தச் சாம்பலோ, அந்தச் சாம்பல் ஒவ்வொரு குட்டியிலும் ஒரு பிரதி இருக்கிறது. ஒடுங்கு பண்பைக் காட்டும் தாய் அதைக் கொடுக்காமல் இருக்க முடியாது, அப்பா யாராக இருந்தாலும் சரி.

#21 அடைப்பெட்டி

ஆமா. பெண்ணை அடுத்த பருவத்துல ப்ளிஸார்ட் ஆணோட விட்டா சார்கோலா இல்லையானு ஒரே ஈட்டுல தெரியும். இந்த வருஷ விந்து மிச்சம் இருக்கலாம், அதனால அந்த ஈட்டுல நார்மலும் சாம்பலும் கலந்து வந்தா குழம்பாதீங்க. ப்ளிஸார்ட்டுக்குப் பொறந்த சாம்பல் குட்டி ஒண்ணு வந்தாலே போதும், பெண் சார்கோல்தான்.

அதுவரைக்கும் சீட்டுல இப்படி எழுதுங்க, ஒரு எழுத்தும் கூட்டாம:

"நார்மல் தோற்றம். அம்மா: சாம்பல், கழுத்தில் மஞ்சள் இல்லை, வகை சோதிக்கவில்லை. அப்பா: அனெரி தோற்றம், கழுத்தில் மஞ்சள் உண்டு, தந்தைமை உறுதியில்லை. பொரித்த தேதி. ஈட்டில் 17 முட்டை, 15 குட்டி, 15-ம் நார்மல்."

கேக்குற ரெண்டு பேருக்கும் நார்மல் விலைக்குக் குடுங்க. குட்டிக்கு நம்பர் போட்டு யார்கிட்ட எது போச்சுன்னு நோட்டுல எழுதி வைங்க. அடுத்த வருஷம் விடை தெரிஞ்சதும் சொல்லலாம்.

#22 புதுச்செதில்

எழுதியாச்சு. ப்ளிஸார்ட் ஆண் தேடுகிறேன். கழுத்தில் மஞ்சள் இல்லாததாக.